குடல் நரம்புகளும் மயக்க மருந்துகளும்

மனிதக் குடலின் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை 10 கோடி முதல் 60 கோடி வரை இருக்கலாம் என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் தண்டுவடத்தில் உள்ள நரம்புச் செல்களோடு ஒப்பிடத்தக்க தொகை அது. உணவுக்குழாய் முதல் ஆசனவாய் வரை பரவியிருக்கும் இந்த அமைப்புக்குக் குடல் நரம்பு மண்டலம் என்று பெயர். தூக்கம் வருவதற்கும், வலியை அடக்குவதற்கும், அறுவைச் சிகிச்சையின்போது நினைவை நீக்குவதற்கும் தரப்படும் மருந்துகள் மூளையை நோக்கியே தரப்படுகின்றன. ஆனால் ரத்தத்தில் கலந்த மருந்து குடல் நரம்புகளையும் எட்டுகிறது. மூளையைச் சுற்றியுள்ள ரத்தத் தடுப்பைக் கடக்க முடியாத மருந்துகள்கூடக் குடல் நரம்புகளை எளிதில் சென்றடைகின்றன.

மூளைச் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் பெரும்பாலானவற்றைக் குடல் நரம்புகளும் பயன்படுத்துகின்றன. அசிட்டைல்கோலின், செரட்டோனின், காபா, நார்அட்ரினலின், என்கெஃபலின் எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. அவற்றை ஏற்கும் புரதங்களான ஏற்பிகளும் பெரும்பாலும் ஒன்றே. எனவே மயக்க மருந்துகளால் வரும் மலச்சிக்கல், வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றை வெறும் பக்க விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. மூளையில் நடக்கும் அதே வேதிச் செயல் குடலிலும் நடப்பதன் விளைவு அவை.

சுவருக்குள் இரண்டு பின்னல்கள்

குடல் நரம்புகள் இரண்டு வலைப்பின்னல்களாக அமைந்திருக்கின்றன. குடல் சுவரில் நீளவாட்டில் ஓடும் தசை அடுக்கு ஒன்று, வளையமாகச் சுற்றிய தசை அடுக்கு ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது தசையிடைப் பின்னல். லியோபோல்ட் அவர்பாக் 1860களில் இதை விவரித்தார். குடலின் அசைவு இதன் பொறுப்பு. உட்புறச் சளிச்சவ்வுக்கு அடியில் இருக்கும் பின்னலை 1857இல் கேயார்க் மைஸ்னர் விவரித்தார். நீரும் உப்பும் சுரப்பதையும் உறிஞ்சப்படுவதையும் அது நடத்துகிறது.

உணவு குடலுக்குள் வந்து சுவரை விரிக்கும்போது உணர்வு நரம்புச் செல்கள் அதை அறிந்து இடைநிலைச் செல்களுக்குச் சொல்கின்றன. அவை இயக்கு நரம்புகளுக்கு ஆணையிடுகின்றன. உணவுக்குப் பின்புறம் உள்ள வளையத் தசை சுருங்குகிறது. இதற்கான வேதிப்பொருள்களில் முதன்மையானது அசிட்டைல்கோலின். முன்புறம் உள்ள தசை தளர்கிறது. அதற்கு நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்கள் உதவுகின்றன. பின்னால் சுருங்கி முன்னால் தளர்வதால் உணவு ஒரே திசையில் நகர்கிறது. இந்த ஒழுங்கை வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் 1899இல் லண்டனில் நாய்களில் செய்த ஆய்வுகளின் மூலம் நிறுவினர். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளை அறுத்த பிறகும் இந்த அசைவு நிற்கவில்லை. 1917இல் பால் டிரெண்டெலன்பர்க், உடலிலிருந்து பிரித்தெடுத்த கினிப்பன்றிக் குடல் துண்டிலேயே இதைக் காட்டினார். குடல் நரம்புகளை உடலின் தனிப் பிரிவாகவே கருத வேண்டும் என்று 1921இல் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி எழுதினார்.

மூளையோடு குடலுக்குத் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வேகஸ் நரம்பு செரிமானத்தைத் தூண்டுகிறது. பரிவு நரம்புகள் அடக்குகின்றன. வேகஸ் நரம்பின் இழைகளில் மிகப் பெரும்பான்மை குடல் முதலிய உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழைகள். ஆகவே ஒரு மயக்க மருந்து குடலை இரண்டு வழியில் பாதிக்கலாம்: குடல் சுவரில் உள்ள செல்களை நேராகத் தொடலாம், மூளையிலிருந்து வரும் ஆணையையும் மாற்றலாம்.

அபினியும் அதன் குடும்பமும்

குடல் நரம்புகளில் மயக்கப் பொருள்களின் செயல் மிகத் தெளிவாகத் தெரிவது அபினியில்தான். உறக்கத்துக்கும் வலிக்கும் மட்டுமல்லாமல் வயிற்றுப்போக்குக்கும் அபினி நெடுங்காலமாக மருந்தாக இருந்துவந்தது. அதிலிருந்து மார்ஃபினை ஜெர்மானிய மருந்தாளுநர் ஃபிரீட்ரிக் செர்டூர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார். அது எப்படி வேலை செய்கிறது என்பது விளங்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அந்த விளக்கத்தின் பெரும் பகுதி மூளையிலிருந்து வரவில்லை, கினிப்பன்றியின் சிறுகுடலிலிருந்து வந்தது.

1957இல் பிரிட்டனின் வில்லியம் பேட்டன், மின்தூண்டல் தந்த குடல் துண்டிலிருந்து வெளிவரும் அசிட்டைல்கோலினின் அளவை மார்ஃபின் குறைப்பதைக் காட்டினார். 1973இல் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் அபினி ஏற்பிகளை முதன்முதலில் நிறுவியபோது அவை மூளையில் மட்டுமல்ல, கினிப்பன்றிக் குடலிலும் இருந்தன. 1975இல் அபர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் உடலே தயாரிக்கும் அபினி போன்ற பொருளான என்கெஃபலினைக் கண்டுபிடித்தனர். பன்றி மூளையிலிருந்து எடுத்த சாறு குடல் துண்டின் துடிப்பை அடக்கியதே அவர்களுக்குக் கிடைத்த சான்றுகளில் ஒன்று.

குடல் நரம்புச் செல்லில் மார்ஃபின் ‘மியூ’ வகை ஏற்பியைப் பற்றுகிறது. உடனே செல்லிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் வழிகள் திறக்கின்றன. செல்லின் மின்னழுத்தம் தாழ்ந்து அது எளிதில் தூண்டப்படாத நிலைக்குப் போகிறது. நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வழிகள் மூடிக்கொள்கின்றன. கால்சியம் நுழையாமல் நரம்பு முனை தன் வேதிப்பொருளை வெளிவிட முடியாது. வலிச் செய்தியைத் தண்டுவடத்தில் மார்ஃபின் தடுப்பதும் இதே முறையில்தான்.

குடலில் இதற்கு மூன்று விளைவுகள் உண்டு. முதலாவது, சுருங்கச் சொல்லும் நரம்புகள் அடங்குவதால் உணவைத் தள்ளும் அலை நின்றுபோகிறது. இரண்டாவது, தளரச் சொல்லும் நரம்புகளும் அடங்குவதால் வளையத் தசை இறுகி, இருந்த இடத்திலேயே சுருங்கி விரிகிறது. அடுப்பில் கிளறப்படும் கேழ்வரகுக் களி பானைக்குள்ளேயே சுழல்வதுபோல், குடலில் உள்ளதும் பிசையப்படுகிறதே தவிர முன்னேறுவதில்லை. மூன்றாவது, சளிச்சவ்வடிப் பின்னலின் சுரப்பு நரம்புகள் அடங்குவதால் குடலுக்குள் சுரக்கும் நீர் குறைகிறது. நீண்ட நேரம் தங்கிய மலத்திலிருந்து மேலும் நீர் உறிஞ்சப்படுகிறது. இம்மூன்றும் சேர்ந்தே அபினி வகை மருந்துகளுக்குரிய கடும் மலச்சிக்கல் உண்டாகிறது.

மார்ஃபின் தொடர்ந்து உட்கொள்பவருக்குச் சில நாள்களில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. பெருங்குடலின் நரம்புகள் இந்த மருந்துக்கு எளிதில் பழகிக்கொள்வதில்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் பெறுபவர்களுக்கு முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தரப்பட வேண்டும் என்ற விதியின் அடிப்படை இதுதான்.

நெடுநாள் எடுத்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் நிலைமை தலைகீழாகிறது. தொடர்ந்து அடக்கப்பட்ட செல்கள் அதை ஈடுகட்டத் தம் உள்வேதி இயக்கத்தைக் கூட்டிவைத்திருக்கின்றன. அடக்கும் மருந்து விலகியதும் அந்தக் கூடுதல் இயக்கம் வெளிப்பட்டு, வயிற்றை முறுக்கும் வலியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. வலி மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்தி நிறுத்துபவர்களுக்கு வரும் வயிற்று உபாதை மனப்பலவீனத்தால் வருவதன்று. அது நரம்புச் செல்களின் எதிர்வினை. மருத்துவ உதவியால் தணிக்கக்கூடியது.

ஊமத்தை

சென்னையிலிருந்து சேலம் செல்லும் ரயில் பாதையில் தருமபுரி மாவட்டத்துக்குள் வரும் நிலையங்களில் ஒன்று மொரப்பூர். மொரப்பூர், அரூர் வட்டாரத்தின் புறம்போக்கு நிலங்களிலும் பாதையோரங்களிலும், தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகள் பலவற்றில் போலவே, முள் நிறைந்த காயும் எக்காளம் போன்ற பூவும் கொண்ட ஊமத்தைச் செடி தானாக வளர்கிறது. அதன் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாக விதையில், ஹயோசின், ஹயோசயமின், அட்ரோபின் ஆகிய காரப்பொருள்கள் உள்ளன. ஹயோசின் தூக்கத்தையும் மறதியையும் உண்டாக்குவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபினோடு கலந்து பிரசவ வலியை மறக்கச் செய்யவும் அது பயன்பட்டது.

ஊமத்தையின் வழி அபினியின் வழியிலிருந்து வேறானது. அபினி அசிட்டைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கிறது. ஊமத்தை, வெளிவந்த அசிட்டைல்கோலின் போய்ச் சேர வேண்டிய மஸ்கரினிக் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. நரம்பு பேசுகிறது, தசை கேட்பதில்லை. வாய் வறள்கிறது, கண் பாவை விரிகிறது, நாடித் துடிப்பு மிகுகிறது, சிறுநீர் கட்டுகிறது, குடல் அசைவு நின்றுபோகிறது. மூளையில் அதே ஏற்பிகள் அடைபடுவதால் பிதற்றலும் இல்லாததைப் பற்ற முயலும் கையசைவும் பின்னர் மயக்கமும் வருகின்றன.

இரைப்பையின் அசைவும் தடைபடுவதால் விழுங்கிய விதைகள் வழக்கத்தைவிட நெடுநேரம் அங்கேயே தங்குகின்றன. நஞ்சு சிறுகச் சிறுக ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஊமத்தை தின்றவருக்குச் சற்றுத் தாமதமாக இரைப்பையைக் கழுவினாலும் பயன் கிடைக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் சொல்வது இதனால்தான். ஊமத்தை விதை பார்வைக்கு மிளகாய் விதையை ஒத்திருக்கும். அவற்றைப் பிரித்தறியும் முறை இந்தியச் சட்ட மருத்துவப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. வழிப்போக்கர்களுக்கு உணவில் ஊமத்தை கலந்து கொடுத்துக் கொள்ளையடித்த வழக்குகளை, நார்மன் செவர்ஸ் 1856இல் கல்கத்தாவில் வெளியிட்ட சட்ட மருத்துவ நூல் பதிவு செய்திருக்கிறது.

அட்ரோபின் வகை அடைப்பு வீட்டு மருந்துகளிலும் உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் பழைய தலைமுறை மருந்துகளான குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் ஆகியவையும், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலினும் தூக்கத்தை வரவழைப்பதோடு மஸ்கரினிக் ஏற்பிகளையும் அடைக்கின்றன. முதியவர்களின் குடலில் நரம்புச் செல்கள் வயதோடு ஏற்கெனவே குறைந்திருப்பதால், இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்து உட்கொள்ளும்போது கடும் மலச்சிக்கல் வருகிறது.

காபா வழி மருந்துகள்

இன்று தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மிகுதியாக எழுதித் தரப்படுபவை பென்சோடயசெபீன் வகை மாத்திரைகள். இவற்றில் முதலாவதான குளோர்டயசெபாக்சைடு 1960இல் விற்பனைக்கு வந்தது. டயசெபாம் 1963இல் வந்தது. அல்பிரசோலம், லோரசெபாம், நைட்ரசெபாம் ஆகியவையும் இந்தக் குடும்பமே. மூளையின் முதன்மையான அடக்கும் பொருளான காபா தன் ஏற்பியைத் தொடும்போது செல்லுக்குள் குளோரைடு அயனிகள் நுழைந்து செல் அமைதியடைகிறது. பென்சோடயசெபீன்கள் அந்தச் செயலை வலுப்படுத்துகின்றன.

காபா குடல் நரம்புகளிலும் இருக்கிறது என்பதை 1979இல் கிறிஸ்ட்யான் ஜெசனும் உடன் ஆய்வாளர்களும் தெரிவித்தனர். ஆனால் அங்கே அதன் செயல் வேறு. முதிர்ந்த மூளைச் செல்லில் உள்ளே குளோரைடு குறைவு. குடல் நரம்புச் செல்கள் பலவற்றில் அது மிகுதி. ஆகவே வழி திறக்கும்போது குளோரைடு உள்ளே வராமல் வெளியேறுகிறது; செல் அடங்காமல் தூண்டப்படுகிறது. தூண்டப்படும் செல்களில் சுருக்கும் நரம்பும் உண்டு, தளர்த்தும் நரம்பும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்வதால், பென்சோடயசெபீன் மாத்திரை மூளையை உறங்கவைத்தாலும் குடலை அபினியைப் போல முடக்குவதில்லை. பெருங்குடல், இரைப்பை ஆகியவற்றை உள்நோக்கிக் கருவியால் பார்க்கும்போது இவ்வகையைச் சேர்ந்த மிடசோலம் பயன்படுகிறது. குடல் எரிச்சல் நோய்க்குத் தரப்படும் சில கூட்டு மாத்திரைகளில் குளோர்டயசெபாக்சைடு பதற்றத்தைக் குறைக்கவே சேர்க்கப்படுகிறது; குடலைத் தளர்த்தும் வேலையை உடன் இருக்கும் கிளிடினியம் செய்கிறது.

மயங்கிய நிலையில் ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது இந்த வேறுபாடுகள் உயிர்காக்கும் அறிவாகின்றன. ரயில் பயணிகளுக்கு மயக்க மருந்து கலந்த பிஸ்கட்டோ பானமோ கொடுத்துப் பொருளைப் பறிக்கும் குற்றம் இந்தியாவில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அறிமுகமில்லாதவர் தருவதை உண்ண வேண்டாம் என்று ரயில்வே எச்சரிப்பதும் அதனால்தான். மயங்கியவரால் பேச முடியாது. அவருடைய கண்ணும் வயிறும் சொல்லும். கண் பாவை ஊசிமுனை போலச் சுருங்கி, மூச்சு மெலிந்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் குடல் ஒலி அடங்கியிருந்தால் அபினி வகை மருந்து என்ற ஐயம் வலுப்படும். பாவை விரிந்து, தோல் வறண்டு, உடல் சூடாகி, குடல் ஒலியும் அடங்கியிருந்தால் ஊமத்தை வகை. பாவையில் பெரிய மாற்றமின்றி ஆழ்ந்த உறக்கம் மட்டும் இருந்து, குடல் ஒலி ஓரளவே குறைந்திருந்தால் பென்சோடயசெபீன் போன்ற தூக்க மருந்து. அபினிக்கு மாற்று மருந்து நலாக்சோன், பென்சோடயசெபீனுக்கு ஃபுளூமசெனில், ஊமத்தைக்கு ஃபைசோஸ்டிக்மின். எந்த ஏற்பி பாதிக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் இவற்றில் எது உதவும் என்று முடிவு செய்ய முடியும்.

மாட்டின் வயிறு

நார்அட்ரினலின் வழியாகச் செயல்படும் மயக்க மருந்துகளின் விளைவைக் கால்நடை மருத்துவத்தில் நேராகப் பார்க்கலாம். மாடுகளுக்குச் சிறு அறுவைகள் செய்யக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் சைலசீன், 1962இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அது ஆல்ஃபா-2 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. இந்த ஏற்பி மூளையில் விழிப்பைக் குறைக்கிறது. குடல் நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் வெளிவருவதைக் குறைக்கிறது.

மாட்டின் முதல் வயிற்றில் தீவனம் நொதித்து ஓயாமல் வாயு உண்டாகிறது. அந்த வயிற்றின் அசைவும் ஏப்பமும் இருந்தால்தான் வாயு வெளியேறும். இவை மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக நடப்பவை. சைலசீன் தந்தபின் அசைவு நின்று, அசைபோடுவதும் ஏப்பமும் நின்றுபோகின்றன. வயிறு உப்பி நுரையீரலை அழுத்தினால் மாடு இறக்கவும் கூடும். ஆகவே திட்டமிட்ட அறுவைக்கு முன் தீவனத்தை நிறுத்திவைப்பதும், மாட்டை ஒருபக்கமாகப் படுக்க விடாமல் மார்பின் மீது கிடத்துவதும் வழக்கம். மனிதர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தரப்படும் டெக்ஸ்மெடிடோமிடின், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் குளோனிடின் ஆகியவையும் இதே ஏற்பியைத் தொடுபவை. அவையும் குடல் அசைவைத் தாமதப்படுத்துகின்றன.

எதிர்த்திசையில் செல்லும் சர்ப்பகந்தி

மயக்கம் தரும் மருந்துகள் எல்லாம் குடலை அடக்கும் என்ற பொதுவிதி கிடையாது. இந்தியாவின் சர்ப்பகந்தி அதற்குச் சான்று. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அதன் வேர் மனநோயையும் உயர் ரத்த அழுத்தத்தையும் தணிப்பதை எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை அதன் மீது திருப்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். தமிழ்நாட்டில் களையாக வளரும் பாம்புக்கலாவும் ரெசர்பின் கொண்ட, இதே பேரினத்தைச் சேர்ந்த செடியே.

நரம்பு முனைகளில் செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகியவை சிறு பைகளில் சேமித்துவைக்கப்படுகின்றன. ரெசர்பின் அந்தச் சேமிப்பைத் தடுத்துப் பைகளைக் காலியாக்குகிறது. அதனால் மூளையில் அமைதியும் சில சமயம் கடும் மனச்சோர்வும் வருகின்றன. குடலில், அசைவை அடக்கும் பரிவு நரம்புகள் தம் நார்அட்ரினலினை இழக்கின்றன. தூண்டும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. உடலின் செரட்டோனினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. 1955இல் அமெரிக்காவில் பிளெட்சர், ஷோர், பிராடி மூவரும் ரெசர்பின் உடலின் செரட்டோனினை வெளியேற்றுவதைக் காட்டினர். விளைவு மலச்சிக்கலுக்கு நேர்மாறு: வயிற்று இரைச்சல், முறுக்கு வலி, பேதி, மிகுந்த அமிலச் சுரப்பு. வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு ரெசர்பின் தரக்கூடாது என்ற எச்சரிக்கை இதிலிருந்து பிறந்தது.

அறுவைக்குப் பின் குடல்

வயிற்று அறுவைக்குப் பின் குடல் சில நாள் அசைவற்றுக் கிடக்கும். சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மீளும். இரைப்பைக்கு ஒன்று முதல் இரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு முதல் மூன்று நாள் ஆகும். புரோபோஃபால் போன்ற மயக்க மருந்துகளின் பங்கு இதில் சிறியது. அவை உடலிலிருந்து விரைவில் நீங்கிவிடுகின்றன. குடலைக் கையாண்டதால் எழும் பரிவு நரம்பு அனிச்சையும், குடல் தசையில் உண்டாகும் அழற்சியும், வலிக்குத் தரப்படும் அபினி வகை மருந்துகளும் பெரிய காரணங்கள். “காற்று பிரிந்ததா?” என்று வார்டில் நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வி, பெருங்குடலின் நரம்புகள் மீண்டுவிட்டனவா என்பதற்கான எளிய சோதனை. முதுகுத் தண்டுறையில் உணர்விழப்பு மருந்து செலுத்தி அபினி வகை மருந்தைக் குறைப்பதும், சீக்கிரம் எழுந்து நடக்கவைப்பதும், காலம் தாழ்த்தாமல் உணவு கொடுப்பதும் மீட்சியை விரைவுபடுத்துகின்றன.

மூளையையும் குடலையும் பிரித்து நடத்துதல்

ஒரே ஏற்பி இரண்டு இடத்தில் இருந்தாலும், மூளையின் ரத்தத் தடுப்பைப் பயன்படுத்தி இரண்டையும் பிரித்து நடத்த முடியும். லோபெரமைடு அபினிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1969இல் பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வகத்தில் உருவானது. வழக்கமான அளவில் அதை மூளைக்குள் நுழையவிடாமல் தடுப்பிலுள்ள புரதம் ஒன்று வெளியேற்றிவிடுகிறது. எனவே அது போதை தராமல் பேதியை நிறுத்துகிறது. ஹயோசினோடு ஒரு வேதித் தொகுதியைச் சேர்த்துச் செய்த ஹயோசின் பியூட்டைல்புரோமைடும் அப்படியே: மயக்கமின்றி வயிற்றுப் பிடிப்பைத் தணிக்கிறது. எதிர்வழியும் உண்டு. அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்ற மெத்தில்நால்ட்ரெக்சோனும் அல்விமோபானும் மூளையில் மார்ஃபினின் வலிநிவாரணத்தைக் கெடுக்காமல் குடலில் மட்டும் அதன் பிடியை விடுவிக்கின்றன.

இவ்வகைப் புதிய மருந்துகள் விலை கூடியவை. அபினி வகை மருந்தால் வரும் மலச்சிக்கலுக்கு உலகெங்கும் முதலில் தரப்படுபவற்றுள் ஒன்று தென்தமிழ்நாட்டு நிலத்தில் விளைவது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் பயிராகி ‘திருநெல்வேலி சென்னா’ என்று வணிக உலகம் அறிந்த நிலவாகையே அது. அதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடுகள் சிறுகுடலில் மாறாமல் கடந்து, பெருங்குடல் பாக்டீரியாக்களால் செயல்படும் பொருளாக மாற்றப்படுகின்றன. அப்பொருள் தசையிடைப் பின்னலைத் தூண்டி அசைவை எழுப்புகிறது. குடலுக்குள் நீர் தேங்கவும் செய்கிறது. மார்ஃபின் அடக்கிய அசைவையும் சுரப்பையுமே அது மீட்கிறது. இசப்கோல் போன்ற உமிப்பொருளை மட்டும் நம்புவது இந்நிலையில் சரியன்று. தள்ளும் அலை இல்லாத குடலில், போதிய நீரும் இல்லாதபோது, உப்பிய நார் அடைத்துக்கொள்ளக்கூடும்.

தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுப்பவர் தன் மலப்போக்கில் வரும் மாற்றத்தை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவதா, வகையை மாற்றுவதா, மலமிளக்கி சேர்ப்பதா என்று தீர்மானிக்க அந்தத் தகவல் தேவை. தானாக மருந்தை நிறுத்துவதும் தானாக இன்னொன்றைச் சேர்ப்பதும் ஆபத்து: அபினி வகையைத் திடீரென நிறுத்தினால் பேதியும் வலியும் வரும், பென்சோடயசெபீனைத் திடீரென நிறுத்தினால் குமட்டலோடு வலிப்பும் வரக்கூடும். மலம் போகாமலும் காற்று பிரியாமலும் வயிறு உப்பி வாந்தி வந்தால் அது காத்திருக்கக்கூடிய மலச்சிக்கல் அல்ல. குடலடைப்பாக இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.